காதோரச் சேவை

பிரிக்பீல்ட்ஸில் சட்டம் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மாடிப்படிக்கு ஒரு வழக்கறிஞர் பலகை தொங்குகிறது. ஆனால் சட்டம் படிக்காமல், சட்டத்துக்குப் பக்கத்திலேயே நின்று ஆயுளைக் கழித்தவர் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். அவர் திருச்செல்வம். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒன்றில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நீதிமன்றம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. கட்டடங்களுக்கும் மானம் உண்டு.

வழக்கறிஞர்களைவிடத் தாம் ஒரு படி மேல் என்பது அவருடைய துணிபு. அதற்குக் காரணமும் வைத்திருந்தார். வழக்கறிஞர் ஒரு பக்கத்துக்காகத்தான் பேசுகிறார். நீதிபதி கடைசியில்தான் பேசுகிறார். மொழிபெயர்ப்பாளரோ எல்லாப் பக்கத்துக்காகவும், முதலிலிருந்து கடைசிவரை பேசுகிறார். இந்தக் கருத்தை வாழையிலைக் கடையில் காலைத் தேநீரின்போது நண்பர் பரமேஸ்வரனுக்கு அவர் அடிக்கடி விளக்குவது உண்டு. பரமேஸ்வரன் ஒரு பல் மருத்துவமனையில் அலுவலகப் பணியில் இருந்தவர்.

"அப்படிப் பாத்தா நானும் பல் டாக்டர்தான் லா," என்பார் பரமேஸ்வரன். திருச்செல்வம் அதைக் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தா ஆனார். தகப்பனாரும் ரயில்வேயில் குமாஸ்தா. மூன்றாம் தலைமுறையும் வந்து உட்கார்ந்தால் ரயில்வே தாங்காது என்று மேலே யாரோ யோசித்திருக்க வேண்டும். இவருக்கு நீதிமன்றத்தில் வேலை கிடைத்தது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் தெரியும். மூன்றிலும் சுருக்கமாகப் பேசத் தெரியும். அவரை உயர்த்தியது இந்த இரண்டாவது திறமைதான்.

வேலை என்னவோ எளிமையானது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குக் குற்றச்சாட்டைத் தமிழில் வாசிக்க வேண்டும். புரிகிறதா என்று கேட்க வேண்டும். ஒப்புக்கொள்கிறாரா, அல்லது விசாரணை வேண்டும் என்கிறாரா என்று கேட்டு, பதிலை மலாயில் மேசைக்குச் சொல்ல வேண்டும். ஆனால் கூண்டில் நிற்கிற தமிழனிடம் ஒரு கேள்விக்கு ஒரு பதிலை வாங்கிவிட முடியுமா? "ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்டால், அவன் முந்தாநாள் பெய்த மழையிலிருந்து ஆரம்பிப்பான். மச்சான் வீட்டுக்குப் போனது, மோட்டார் சைக்கிள் பழுதானது, மாமியாருக்குச் சளி பிடித்தது எல்லாம் வரும். மேசையில் மாஜிஸ்திரேட் பேனாவை மூடித் திறப்பார். அன்றைய வழக்குகள் வாசல்வரை நிற்கும். போலீஸ் லோக்காப்பிலிருந்து வந்தவர்கள் விலங்கோடு பெஞ்சியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள்.

அப்போதுதான் திருச்செல்வம் தமது காதோரச் சேவையைத் தொடங்கினார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, கூண்டின் பக்கம் சற்றே சாய்ந்து, தாழ்ந்த குரலில் சொல்வார்:

"இங்க பாரு, ரொம்ப பேசாத. ஒத்துக்க. இன்னிக்கே முடிஞ்சிடும். இழுத்தா நீதான் அலையணும்."

அவ்வளவுதான். கூண்டில் இருப்பவர் ஒரு கணம் விழிப்பார். பிறகு தலையாட்டுவார். திருச்செல்வம் நிமிர்ந்து, "ஒப்புக்கொள்கிறார்" என்று மலாயில் அறிவிப்பார். அவர் இருந்த அறையில் வழக்குகள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தன. அலுவலகத்தில் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார்கள். ரயில்வே பரம்பரைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

இதில் அவருக்குத் துளியும் உறுத்தல் இருந்ததில்லை. சொல்லப்போனால் அதைத் தருமம் என்றே நினைத்திருந்தார். விசாரணை கேட்டவர்களில் ஜாமீனுக்கு ஆளில்லாதவர்கள் மாதக்கணக்கில் உள்ளேயே காத்துக்கிடப்பதை அவர் பார்த்திருக்கிறார். கடைசியில் கிடைக்கும் தண்டனையைவிடக் காத்திருந்த காலம் அதிகமாகிப்போவதும் உண்டு. அவர் சொன்னதில் பொய் இல்லை. உண்மையும் முழுக்க இல்லை. அந்த இடைவெளியில்தான் அவர் ஓய்வூதியம் வரைக்கும் வசதியாக உட்கார்ந்திருந்தார்.

ஓய்வு பெற்றபின் அவரைச் சட்டம் தேடி வரவில்லை. பல மாதங்கள் காத்திருந்து பார்த்தார். கடைசியில் நிரஞ்சனிதான் வந்தாள். அவருடைய மனைவி கௌசலாவின் தோழி மகள். இளம் வழக்கறிஞர். வார இறுதிகளில் தமிழ் இளையோருக்குச் சட்டம் சொல்லித்தரும் முகாம் நடத்துகிறவள்.

"அங்கிள், கிள்ளான்ல அடுத்த முகாம். இந்தத் தடவ ஒரு மாதிரி நீதிமன்றம் போடறோம். பிள்ளைங்களே மாஜிஸ்திரேட், பிள்ளைங்களே பிராசிக்யூட்டர். உண்மையான இண்டர்பிரட்டர் ஒருத்தர் வந்து நின்னா அவங்களுக்கு அந்த ஃபீலிங் வரும். வர்றீங்களா?"

நாட்குறிப்பைப் பார்க்க வேண்டும் என்றார் திருச்செல்வம். அப்படி ஒரு பொருள் வீட்டில் இல்லை என்பது கௌசலாவுக்குத் தெரியும். அவள் தேநீர் ஊற்றினாள்.

முகாம் நாளன்று அவர் கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"இஞ்சருங்கோ, சின்னப் பிள்ளைங்களுக்குச் சட்டம் சொல்லித்தர இந்தக் கோட்டு எதுக்கு? கிள்ளான்ல கொதிக்கும்."

"கோட்டு இல்லாம சட்டம் ஏறாது."

"யாருக்கு? பிள்ளைங்களுக்கா, உங்களுக்கா?"

அவர் கிளம்பினார். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி, குளிர்சாதனக் காற்று நேராக விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, கிள்ளான் வரை ஒரே குற்றச்சாட்டை மனத்துக்குள் செந்தமிழில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சாயங்காலம் அங்கே ஒரு நிச்சயதார்த்தம் இருந்ததால், சட்டம் மதியத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்று மண்டபக் காவலர் வேலாயுதம் வாசலிலேயே சொல்லி அனுப்பினார். மேடையில் பதாகை கட்டியிருந்தார்கள். 'சட்டம் உன் தோழன்' என்ற எழுத்துகள் சிறியதாகவும், சிறப்பு விருந்தினரின் முகம் பெரியதாகவும் இருந்தன. தோழன் யார் என்பதில் பார்த்தவர்களுக்குச் சிறு குழப்பம் ஏற்பட்டிருக்கலாம்.

பிறகு நம்மவர் நிகழ்ச்சிக்கே உரிய முறைகள் வரிசையாக நடந்தன. குத்துவிளக்கு ஏற்றினார்கள். கடவுள் வாழ்த்து பாடினார்கள். வரவேற்புரை நடந்தது. வரவேற்புரை ஆற்றியவரைப் பாராட்டி ஒருவர் பேசினார். சிறப்பு விருந்தினர் தம் இளமைக்காலத்தில் சட்டம் படிக்க ஆசைப்பட்டு வியாபாரத்துக்குப் போன வரலாற்றை விரிவாகச் சொன்னார். மாணவர்கள் அமைதியாக இருந்தார்கள். புறப்பாட நடவடிக்கை மதிப்பெண்ணுக்கு உதவும் சான்றிதழ் கிடைக்கும் என்பதால் அவர்களுடைய பொறுமைக்கு எல்லை இருக்கவில்லை.

மிச்சமிருந்த நேரத்தில் நிரஞ்சனி சட்டத்தைச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், ஆனால் நன்றாகச் சொன்னாள். "போலீஸ் புடிச்சா, ஏன்னு கேளுங்க. வீட்டுக்கும் வக்கீலுக்கும் போன் பண்ணணும்னு கேளுங்க. செய்யாத ஒன்ன, யார் சொன்னாலும் செஞ்சேன்னு ஒத்துக்காதீங்க. யார் சொன்னாலும்." கடைசி இரண்டு சொற்களை எல்லாரையும் திரும்பச் சொல்ல வைத்தாள். மண்டபம் முழுக்க "யார் சொன்னாலும்" என்று எதிரொலித்தது. முன்வரிசையில் இருந்த திருச்செல்வமும் உரக்கச் சொன்னார். குரல் நன்றாக இருந்தது என்று பக்கத்தில் இருந்தவர் பாராட்டினார்.

மாதிரி நீதிமன்றம் தொடங்கியது. சரண் என்ற பையனுக்கு யாரோ ஒருவருடைய பட்டமளிப்பு அங்கியை மாட்டி மாஜிஸ்திரேட் ஆக்கியிருந்தார்கள். நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, நடுவே கயிறு கட்டியதுதான் கூண்டு. அதற்குள் பள்ளியில் படிவம் நான்கில் படிக்கும் தேவஷ்னி நின்றாள்.

"நிஜத்துல உன் வயசுக்கு சிறார் நீதிமன்றம்தான். இன்னிக்கி நீ பெரியவன்னு வெச்சுக்க," என்றாள் நிரஞ்சனி. பிறகு அவள் காதில் மட்டும் கதையைச் சொன்னாள். விடுதியில் அறைத்தோழியின் கைத்தொலைபேசி காணாமல் போய் இவளுடைய பையில் கிடைத்திருக்கிறது. இவள் எடுக்கவில்லை. எப்படி வந்தது என்று இவளுக்குத் தெரியாது. இவள் செய்யவேண்டியதெல்லாம் ஒன்றுதான். விசாரணை வேண்டும் என்று கேட்க வேண்டும். அதன்பிறகு சாட்சிகள் வருவார்கள், குறுக்கு விசாரணை நடக்கும், எல்லாரும் கற்றுக்கொள்வார்கள்.

மண்டபத்தில் எதிரொலி அதிகம் என்பதால் திருச்செல்வத்தின் கோட்டுக் காலரில் ஒரு சின்ன ஒலிவாங்கியைக் குத்தினார்கள். அவர் வேலை பார்த்த காலத்தில் அப்படி ஒன்று கிடையாது. குத்திய கையோடு அதை மறந்துவிட்டார். கூண்டின் பக்கத்தில் போய் நின்றதுமே, கால்கள் தாமாகவே பழைய இடைவெளியில் அகன்றுகொண்டன.

குற்றச்சாட்டை வாசித்தார். அது வாசிப்பே இல்லை, ஒரு கச்சேரி. 'பிறர்க்குரிய அசையும் பொருளை அவர்தம் இசைவின்றி' என்று அவர் சொன்னபோது பின்வரிசையில் யாரோ "அடேங்கப்பா" என்று வியந்தார்கள். சரண் மாஜிஸ்திரேட் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒப்புக்கொள்கிறீர்களா, அல்லது விசாரணை கோருகிறீர்களா?"

தேவஷ்னி நடிப்பில் ஆர்வம் உள்ள பெண். ஒற்றை வரியில் முடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. "வந்து, அன்னிக்கி நான் குளிக்கப் போயிருந்தேன். அதுக்கு முன்னாடி என் ஃபிரண்டுகூட கேன்டீன்ல இருந்தேன். அவளுக்கு வயிறு வலி. அதனால நான்தான் தண்ணி எடுக்க…"

மேடையில் சரண் பேனாவை மூடித் திறந்தான். அவன் பாவம், கையில் பேனா இருந்ததால் மூடித் திறந்தான். ஆனால் அந்தச் சத்தம் திருச்செல்வத்தின் முதுகுத்தண்டில் போய் விழுந்தது. கையை எடுத்து வாயை மறைத்தார். கூண்டுப் பக்கம் சாய்ந்தார்.

"இங்க பாரும்மா, ரொம்ப பேசாத. ஒத்துக்க. இன்னிக்கே முடிஞ்சிடும். இழுத்தா நீதான் அலையணும்."

மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும் ஒலிபெருக்கிகள் அதை அப்படியே எடுத்துச் சொன்னன. எதிரொலியில் 'அலையணும்' என்ற சொல் மட்டும் கொஞ்ச நேரம் அலைந்தது.

பிறகு பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். நாடகத்தில் இதுவும் ஒரு காட்சி என்று நினைத்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினரும் சிரித்தார். நிரஞ்சனி மட்டும் சிரிக்கவில்லை. திருச்செல்வத்துக்குத் தம் குரலே கூரையிலிருந்து இறங்கி வந்து தம் தலையில் உட்கார்ந்தது போலிருந்தது. ஆயிரக்கணக்கான முகங்கள் கூண்டில் கவிழ்ந்ததைப் பார்த்தவர் அவர். வெட்கத்தில் எத்தனை வகை உண்டு என்று சாட்சியம் சொல்லத் தகுதியுள்ள நிபுணர். அது முதலில் காதுமடலில்தான் சூடேறும் என்பது மட்டும் அவருக்கு அதுவரை தெரியாது.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் தேவஷ்னி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, தலையை ஆட்டி, "சரி, ஒத்துக்கறேன்," என்றாள்.

சரண் திகைத்துப்போய் நிரஞ்சனியைப் பார்த்தான். அவனுக்கு இதற்குமேல் வசனம் கிடையாது.

நிரஞ்சனி மேடைக்கு வந்தாள். "ஏன்மா ஒத்துக்கிட்ட? நீ எடுக்கலன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்க்கா."

"இப்பத்தான எல்லாரும் சேர்ந்து சொன்னோம், யார் சொன்னாலும்னு."

"ஆமாக்கா. ஆனா அங்கிள் சொல்றாரே. கோட்டுலாம் போட்டுருக்காரு. பெரியவங்க நல்லதுக்குத்தானே சொல்வாங்க."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. எல்லாப் பார்வையும் கோட்டின் மேல் வந்து நின்றது. இங்கேதான் திருச்செல்வம் தம் வாழ்நாளின் மிக விரைவான மொழிபெயர்ப்பைச் செய்தார். நடந்த ஒன்றை வேறொன்றாக மாற்றினார்.

"வேணும்னுதான் சொன்னேன்," என்றார் ஒலிவாங்கியில், நிதானமாக. "இப்படியும் ஒருத்தர் வந்து உங்க காதுல சொல்லலாம். அப்ப நீங்க எப்படி இருக்கணும்னு காட்டத்தான். இது ஒரு பரிட்சை."

ஆகா என்றது மண்டபம். சிறப்பு விருந்தினர் எழுந்தே விட்டார். இப்படி ஒரு செயல்முறைப் பாடத்தைத் தாம் கண்டதில்லை என்று மேடையேறிச் சொல்லி, தமக்குப் போர்த்தியிருந்த பொன்னாடையையே எடுத்து இவருக்குப் போர்த்தினார். கோட்டின் மேல் பொன்னாடை. கிள்ளானின் வெயிலில், குளிர்சாதனம் பாதி வேலை செய்யும் மண்டபத்தில், திருச்செல்வம் வேர்வையில் நனைந்தபடி கும்பிட்டார். நிரஞ்சனியின் கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்தார். அவளும் நம்பத்தான் விரும்பினாள் என்பது அவளுடைய கைதட்டலில் தெரிந்தது.

சாப்பாட்டுப் பொட்டலங்கள் கொடுக்கத் தொடங்கினார்கள். பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துப்போக வந்துகொண்டிருந்தார்கள். திருச்செல்வம் ஒரு நாஸி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு தூண் ஓரமாக ஒதுங்கினார். பிள்ளைகள் வந்து அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். 'பரிட்சை அங்கிள்' என்று அதற்குள் பெயரும் வைத்துவிட்டார்கள். பொன்னாடையைக் கழற்றிவிடத்தான் நினைத்தார். ஆனால் கழற்றினால் ஏன் என்று யாராவது கேட்பார்களோ என்று பயமாக இருந்தது.

அப்போது ஒரு மனிதர் வந்து எதிரே நின்றார். பாசார் சந்தையில் காய்கறி இறக்கிவிட்டு நேரே வந்தவர் என்பது சட்டையில் ஒட்டியிருந்த கீரைத் துணுக்கில் தெரிந்தது. தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். அவருக்குப் பின்னால் தேவஷ்னி, இரண்டு பொட்டலங்களோடு.

"சார், என்னைய ஞாபகம் இருக்கா?"

ஓய்வு பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கலங்கடிக்க இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. "ஆமா, ஆமா," என்றார் திருச்செல்வம். அதுதான் அவருடைய வழக்கமான பதில்.

"சிவநேசன் சார். லோரில கெலிண்டனா இருந்தேன், டிரைவருக்கு உதவியா. ஷா ஆலம் ஃபேக்டரி இரும்பு திருட்டு கேஸ். மகள கூட்டிட்டுப் போக வந்தேன், வெளிய மோட்டார நிறுத்திக்கிட்டு இருக்கேன், ஸ்பீக்கர்ல உங்க குரல். அப்படியே நின்னுட்டேன். மூஞ்சி மறந்துபோச்சு சார், குரல் மறக்கல. அதே வார்த்த. 'இழுத்தா நீதான் அலையணும்.' ஒரு சொல்லு மாறல."

பக்கத்து மேசையில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்த நிரஞ்சனியின் கை நின்றது. பொன்னாடை திடீரென்று கனத்தது.

திருச்செல்வம் வசவை எதிர்பார்த்தார். வசவு வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. அதற்கு ஒரு முடிவு உண்டு. ஆனால் சிவநேசன் பொட்டலத்தை மகளிடமே விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கி ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லல சார். மனசுலயே கிடந்துச்சு. லோக்காப்புல யாரும் எங்கிட்ட தமிழ்ல ஒரு வார்த்த பேசல. நீங்க ஒருத்தர்தான் பேசினீங்க. அன்னிக்கே முடிஞ்சிருச்சு. சில மாசம் உள்ள இருந்தேன், அவ்வளவுதான். நல்லது சொன்னீங்க சார்."

"அப்புறம்?" என்று கேட்டவள் நிரஞ்சனி. வழக்கறிஞர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

"அப்புறம் என்ன மேடம், ஸ்கூல் பஸ் ஓட்டலாம்னு பாத்தேன். ரெக்கோர்ட் இருக்குன்னு லைசன்ஸ் குடுக்கல. காவலுக்கு நிக்கிற ஜாகா வேலைக்கும் எடுக்கல. அது என் தலையெழுத்து. அதுக்கு சார் என்ன பண்ணுவாரு."

தேவஷ்னி தகப்பனையும் திருச்செல்வத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் இருந்த மேடைச் சிரிப்பு எப்போதோ போயிருந்தது.

"அப்பா, நீங்க செஞ்சதாலதானே ஒத்துக்கிட்டீங்க?"

"விடு பாப்பா. வீட்டுக்குப் போலாம்."

"அம்மா எப்பப் பாத்தாலும் 'உங்கப்பா பண்ண வேலை'ன்னுதானே சொல்லுவாங்க. ஸ்கூல்ல யாராவது கேட்டா நீங்க அவுட்ஸ்டேஷன்ல இருக்கீங்கன்னு சொல்லிருக்கேன். பேரண்ட்ஸ் டேக்கு வராதீங்கன்னு சொன்னேன்ல, அது எதுக்குன்னு நெனச்சீங்க?"

சிவநேசன் தலைக்கவசத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அது ஏன் என்று அவருக்கு முன்பே தெரியும் என்பது அதில் தெரிந்தது.

அவள் தகப்பனிடம் மேற்கொண்டு கேட்கவில்லை. திருச்செல்வத்தின் பக்கம் திரும்பினாள். வீட்டு மனிதர்களைவிடக் கோட்டுப் போட்டவர்களின் சொல்லுக்கு எடை அதிகம் என்று நம்பும் பெண் அவள். அரை மணி நேரத்துக்கு முன்புதான் அதை மேடையில் நிரூபித்திருந்தாள்.

"அங்கிள், நீங்கதான அன்னிக்கி கூட இருந்தீங்க. எங்கப்பா உங்ககிட்ட என்ன சொன்னாரு? செஞ்சேன்னு சொன்னாரா, செய்யலன்னு சொன்னாரா?"

திருச்செல்வம் யோசித்தார். யோசிக்க ஒன்றும் இல்லை என்பதை யோசித்தார். இரும்பு வழக்குகள் எத்தனையோ வந்திருக்கின்றன. கெலிண்டன்கள் எத்தனையோ பேர். இந்த முகம் அவருக்குள் எங்கேயும் இல்லை. அந்தப் பெஞ்சியில் நெருக்கியடித்து இருந்த எந்த முகமும் இல்லை.

'செய்யலன்னுதான் சொன்னாரும்மா' என்று சொல்லிவிடலாம். இரண்டே சொல். பெண்ணின் முகம் தெளியும், தகப்பன் நிமிர்வான், நிரஞ்சனிகூட ஒருவேளை மன்னிப்பாள். அது உண்மையாகவே இருக்கவும் கூடும். சொல்வதற்கு வாயைத் திறந்தும் விட்டார். ஆனால் இன்று ஏற்கெனவே ஒரு பொய்க்குப் பொன்னாடை வாங்கியாயிற்று. இன்னொன்றைச் சொல்லி இந்தப் பெண்ணிடமும் ஒரு கும்பிடு வாங்க அவருக்கு மனம் வரவில்லை. அதுவும் அவளுக்குக் கொடுப்பதாக இருக்காது, தமக்கே எடுத்துக்கொள்வதாகத்தான் இருக்கும்.

"தெரியாதும்மா," என்றார்.

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. மறக்கறதுக்கு அவர் ஒண்ணும் சொல்லல. சொல்ல வந்திருப்பாரு. நான் சொல்ல விடல." பொன்னாடையின் நுனியை விரலில் சுற்றினார். "நான் யாரையும் சொல்ல விட்டதில்ல. இப்ப மேடையில சொன்னது பரிட்சை இல்ல. பழக்கம்."

பக்கத்தில் நின்று படம் எடுக்கக் காத்திருந்த பிள்ளைகள் கைத்தொலைபேசியை மெல்லத் தாழ்த்தினார்கள். சிறப்பு விருந்தினர் நல்லவேளையாகப் புறப்பட்டுப் போயிருந்தார். நிரஞ்சனி மறுபடி போத்தல்களை அடுக்கினாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று திருச்செல்வத்துக்குப் பட்டது. தரையில் ஒரு பச்சை மிளகாய்க் காம்பு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கூண்டில் நின்றவர்கள் எல்லாரும் ஏன் எப்போதும் தரையில் ஏதோ ஒன்றையே பார்த்தார்கள் என்பது இப்போது விளங்கியது.

"சார், அப்படிலாம் பேசாதீங்க," என்று சிவநேசன் பதறினார். இவருக்காக அவர் பதறியது எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. "நீங்க நல்லதுக்குத்தானே…"

"அப்பா," என்றாள் தேவஷ்னி. "அவர விடுங்க. நான் உங்களக் கேக்கறேன். நீங்க செஞ்சீங்களா?"

மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது. சிவநேசன் மகளைப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவரிடம் போலீஸ் கேட்டதில்லை, மனைவி கேட்டதில்லை, இதற்கென்றே சம்பளம் வாங்கியவரும் கேட்டதில்லை. பதிலைத் தயாராக வைத்திருந்து, யாரும் கேட்காததால் எங்கே வைத்தோம் என்று மறந்தவர்போல நின்றார்.

"அன்னிக்கி முந்தினநாள் நல்ல மழ பாப்பா," என்று தொடங்கினார்.

'செஞ்சியா இல்லியா, அத மட்டும் சொல்லு' என்ற வாக்கியம் திருச்செல்வத்தின் வாய்வரை வந்தது. பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சம்பல் கசிந்து விரலில் வழிந்தது.

"மழையில லோரி மேல மூடற கூடாரம் கிழிஞ்சிருச்சு. டிரைவர் முகுந்தன் இருந்தாருல்ல, நம்ம தாமான் வீடுங்கள்ல இருந்தாரே, உனக்குத் தெரியாது, நீ அப்ப கைக்குழந்த. அவரு சொன்னாரு, தவுக்கே சரக்கு, முதலாளியோடது, கிழிஞ்ச கூடாரத்த மாத்திட்டு ஏத்தணும்னு. உங்கம்மாவுக்கு அன்னிக்கி காய்ச்சல். நான் வரலன்னுதான் சொன்னேன்…"

அவர் மனைவியின் காய்ச்சலுக்குப் போனார். அங்கிருந்து கிளினிக்குக்குப் போனார். கிளினிக்கில் ஒரு சீனக் கிழவர் நாற்காலி விட்டுக்கொடுத்ததைச் சொன்னார். இரும்பு இன்னும் வரவே இல்லை. திருச்செல்வம் இதையெல்லாம் மனத்துக்குள் மலாயில் மாற்ற முயன்று, ஒவ்வொரு வரியும் வெட்டுப்படாமல் வருவதைக் கண்டு திணறினார். கிழவரை எங்கே வெட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கிழவரை வெட்டினால் காய்ச்சல் போய்விடும், காய்ச்சல் போனால் இவர் ஏன் தாமதமாகக் கிளம்பினார் என்பது போய்விடும். தாமதமாகக் கிளம்பியதால்தான் சரக்கு எங்கிருந்து ஏறியது என்று இவருக்குத் தெரியாமல் போயிற்று என்பது பிறகுதான் வந்தது.

"நான் போனப்ப கூடாரம் கட்டியாச்சு பாப்பா. உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கவே இல்ல. ரோட்டுல நிறுத்தினாங்க. முகுந்தன் கதவத் தொறந்து குதிச்சு ஓடிட்டாரு. நான் ஏன் ஓடணும்? நான் ஒண்ணும் பண்ணலயே. உக்காந்திருந்தேன்."

தேவஷ்னி பொட்டலங்களைத் தரையில் வைத்தாள். தகப்பனின் சட்டையில் ஒட்டியிருந்த கீரையை எடுத்தாள். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

வேலாயுதம் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தார். "பாஸ், நிச்சயதார்த்த ஆளுங்க வந்துட்டாங்க லா. சீக்கிரம் முடிச்சுக்கங்க."

கோட்டும் பொன்னாடையும் போட்டிருந்த காரணத்தால் அவர் அதைத் திருச்செல்வத்திடம்தான் சொன்னார். திருச்செல்வம் அவரைப் பார்த்தார். வேலாயுதம் சாவியை மூடிய கைக்குள் குலுக்கிக்கொண்டே நின்றார்.

"கொஞ்சம் இருங்க," என்றார் திருச்செல்வம். "அவர் பேசிக்கிட்டு இருக்காரு."

"இன்னும் எவ்வளவு நேரம் சார்?"

அது திருச்செல்வத்துக்கும் தெரியாது. சிவநேசன் இப்போதுதான் லோக்காப்புக்கு வந்திருந்தார். அங்கே கொடுத்த தேநீரில் சர்க்கரை இல்லை என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இனி பெஞ்சி வரும், விலங்கு வரும், அதன்பிறகு கையால் வாயை மறைத்த ஒருவர் வருவார். அந்த ஆள் வரும்போது தாம் இங்கேயே நின்று கேட்டாக வேண்டும் என்று திருச்செல்வத்துக்குத் தெரிந்தது. மடக்காமல் மிச்சமிருந்த நாற்காலி ஒன்றை இழுத்துச் சிவநேசனுக்குப் போட்டுவிட்டு, தாம் நின்றுகொண்டார்.